கலமும் பெயரும்

திருமலையில் தெப்போற்சவம் நடைபெறும் நாட்களில் சுவாமி புஷ்கரிணியின் படிக்கட்டுகளில் இடம் பிடிப்பது எளிதன்று. பால்குன மாதப் பௌர்ணமியோடு நிறைவுறும் அந்த ஐந்து நாள் விழாவில் முதல் நாள் சீதை இலக்குமணரோடு இராமபிரானும், இரண்டாம் நாள் ருக்மிணிப் பிராட்டியோடு கண்ணனும், எஞ்சிய மூன்று நாட்களும் உபய நாச்சிமாரோடு மலையப்ப சுவாமியும் தெப்பத்தில் எழுந்தருள்வர். அத்தகைய நிறைவு நாளொன்றில், ஏழு சுற்றுக்களுள் மூன்றாவது சுற்றுக்குத் தெப்பம் நகர்ந்து கொண்டிருந்தபோது, நமக்கு முந்திய படியில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் ஆங்கிலமும் சிறிது தமிழும் கலந்த பேச்சில், இந்தப் படகின் பெயர் என்ன என்று கேட்டான். தெப்பம் என்றோம். அது படகின் வகையல்லவா, இதற்கென்று உள்ள பெயர் என்ன என்று மறுபடியும் கேட்டான். நாமும் அருகிலிருந்த அன்பர்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். விடை சொல்ல எவரும் இல்லை.

மலையடிவாரத்து நிலையத்துக்கு வரும் ரயில் வண்டிகளுக்குச் சப்தகிரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி, பத்மாவதி என்றெல்லாம் பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். மலையேறும் பேருந்துக்கும் பெயர் உண்டு. திருவாரூரில் ஓடும் தேருக்கு ஆழித்தேர் என்று பெயர். கோயில் யானைக்குப் பெயரில்லாத ஊர் நாடெங்கும் கிடையாது. ஏழுமலையான் ஏறி வரும் தெப்பத்துக்கு மட்டும் பெயர் இல்லை! சிறுவனுக்கு விடை கூற இயலாத அந்த நாணமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

வீடு திரும்பிய பின் நம் இலக்கியங்களைச் சற்றே புரட்டிப் பார்த்தோம். கலத்துக்குப் பெயரிடும் வழக்கம் பண்டைத் தமிழரிடம் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. வகைப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. நாவாய், வங்கம், திமில், அம்பி, பஃறி, ஓடம், தோணி, புணை என்று அடுக்கிக் கொண்டே போகலாம். ஆனால் இன்ன வணிகனின் வங்கம் இன்ன பெயருடையது என்று சொன்ன புலவரை நாம் கண்டதில்லை. கம்பர் குகனை ஆயிரம் ஓடங்களுக்கு உரியவனாக்கினார். இராமனைச் சுமந்து கங்கையைக் கடந்த அந்த ஓர் ஓடத்துக்காவது பெயர் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. குதிரைக்கோ பெயர் உண்டு. கடையெழு வள்ளல்களுள் காரியின் குதிரை காரி, ஓரியின் குதிரை ஓரி என்று சிறுபாணாற்றுப்படை வழியாக அறிகிறோம். ஏறியவனுக்கும் ஏற்றியதற்கும் ஒரே பெயர்! குதிரைக்குக் கிடைத்த இப்பெருமை கப்பலுக்குக் கிடைக்காமற் போனதற்கு நாம் கருதும் காரணம் ஒன்றுண்டு. கலம் என்ற சொல் தமிழில் மரக்கலத்தையும் குறிக்கும், உண்கலத்தையும் குறிக்கும். சோற்றுத் தட்டுக்கு யார் பெயர் வைப்பார்?

இன்னொரு செய்தி அதனினும் சுவையானது. கோவலனின் முன்னோன் ஒருவன் நடுக்கடலில் கலம் உடைந்து தத்தளித்தபோது மணிமேகலை என்னும் கடல் தெய்வம் அவனைக் கரை சேர்த்தது. பிற நாட்டானாயிருந்தால் அடுத்துக் கட்டிய கப்பலுக்கு அத்தெய்வத்தின் பெயரை இட்டிருப்பான். கோவலனோ தன் மகளுக்கு இட்டான். கப்பலுக்கு வந்திருக்க வேண்டிய பெயர் ஒரு பெண்ணுக்கு வந்து, அப்பெண்ணால் ஒரு காப்பியத்துக்கும் வந்தது. பெயரிடும் கலையில் தமிழன் செய்த நல்ல காரியங்களுள் இதனை நாம் முன்னணியில் வைப்போம்.

வடமொழியில் போஜராஜன் பெயரால் வழங்கும் யுக்தி கல்பதரு என்னும் நூல் படகுகளை வகை பிரிக்கிறது. அப்பட்டியலில் பீமா, சபலா, தீர்க்கா, மந்தரா என்பவற்றோடு பயா என்ற பெயரும் காணப்படுகிறது. பயம் என்றே ஒரு படகு வகை! இவற்றுள் பீமாவும் பயாவும் கர்ப்பராவும் தீமை பயப்பன என்று அந்நூலே எச்சரிக்கவும் செய்கிறது. பயம் என்று பெயரிட்டுவிட்டுப் பிறகு தீமை பயக்கும் என்று எழுதுவதைவிட வேறு பெயர் தேடியிருக்கலாம். பெயர் சூட்டுவோரின் அலட்சியம் இன்று நேற்றுத் தோன்றியதன்று போலும்.

ஒரு கலத்தின் பெயர் நன்றா, தீதா என்று எதைக் கொண்டு அளப்பது? கவிதைக்கு அணியிலக்கணம் உண்டு, யாப்பிலக்கணம் உண்டு. கலப் பெயருக்கு அவ்வாறொன்று நம்மிடம் இல்லை. ஆயினும் கடலோடிகளின் உலக வழக்கம் ஒன்று நமக்கு அளவுகோலை எடுத்து நீட்டுகிறது. நடுக்கடலில் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் மாலுமி கம்பியில்லாக் கருவியில் மேடே என்று மும்முறை கூவ வேண்டும். எனக்கு உதவுங்கள் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் மருவே அது. அதனையடுத்து, இன்ன கப்பலிலிருந்து பேசுகிறோம் என்று தன் கலத்தின் பெயரையும் மும்முறை கூற வேண்டும். அதன் பிறகே இருக்குமிடம், நேர்ந்த விபத்து, ஆட்களின் எண்ணிக்கை எல்லாம். ஆகவே கலத்தின் பெயர் என்பது கரையில் நின்று படித்துச் சிரிப்பதற்கோ வியப்பதற்கோ மட்டும் உரியதன்று. தண்ணீர் இடுப்பளவு ஏறிய வேளையில், காற்று வாயை அடைக்கும் நேரத்தில், மூன்று முறை உரக்கக் கூவுவதற்கு உரியது. அந்த நேரத்தில் அப்பெயர் நாவில் நிற்குமா, கேட்பவன் காதில் ஏறுமா, சொல்பவனுக்கு அதனால் சிறிதேனும் தெம்பு வருமா? இம்மூன்று கேள்விகளே நம் திறனாய்வு.

இவ்வளவுகோலை முதலில் மேல்நாட்டு உல்லாசப் படகுகளின் மேல் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய நம் உறவினர் சிலரும் இப்போது வார இறுதிப் படகு வைத்துக் கொள்ளும் நிலைக்கு உயர்ந்துவிட்டனர் என்பதால் இது நமக்குப் புறம்பான விஷயமன்று. அத்துறைமுகங்களில் சிலேடைப் பெயர்களே கொடி கட்டிப் பறக்கின்றன. ஆக்வாஹாலிக் என்பது அவற்றுள் மிகப் பழகிப்போன ஒன்று. குடிகாரனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையை வெட்டித் தண்ணீரைப் பொருத்தியிருக்கிறார்கள். நம் பேச்சு வழக்கில் தண்ணீருக்கும் மதுவுக்கும் ஏற்கெனவே ஒரே சொல் இருப்பதால் இச்சிலேடை தமிழில் இன்னும் நன்றாகவே பொருந்தும் என்பது ஒருபுறமிருக்க, மூழ்கும் படகிலிருந்து ஒருவன் தண்ணிக்காரன், தண்ணிக்காரன், தண்ணிக்காரன் என்று கூவினால் மீட்புப் படையினர் என்னென்று கொள்வர்? இரண்டாவது அடமானம் என்று பொருள்படும் பெயரையும் படகுக்கு வைக்கிறார்கள். வீட்டை மீண்டும் ஒரு முறை ஈடு வைத்து வாங்கிய படகு என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன் பிடித்தம் போக மீதியைக் கையில் வாங்கும் நம்மைப் போன்றோருக்கு அப்பெயரில் நகைச்சுவையைக் காட்டிலும் நேர்மையே அதிகம் தெரிகிறது. அந்த மட்டில் அதனை மன்னிக்கலாம்.

2016ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது இவையனைத்தையும் விஞ்சியது. துருவ ஆராய்ச்சிக்காகக் கட்டப்படும் அரசுக் கப்பலுக்குப் பெயர் சொல்லுமாறு பொதுமக்களைக் கேட்டார்கள். மக்கள் வாக்களித்து முதலிடத்துக்குக் கொண்டு வந்த பெயர் போட்டி மெக்போட்ஃபேஸ். தமிழில் ஏறத்தாழப் படகு மூஞ்சிப் படகப்பன் என்னலாம். இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அதற்கு விழுந்தன. அரசு அப்பெயரைக் கப்பலுக்கு இடாமல் இயற்கை அறிஞர் டேவிட் அட்டன்பரோவின் பெயரை இட்டது. மக்களின் மனம் கோணாதிருக்க, அக்கப்பலில் செல்லும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவிக்குப் போட்டி என்று வைத்தது. ஜனநாயகம் தோற்றதென்று அப்போது பலர் ஆதங்கப்பட்டனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வாக்களித்தோருள் பெரும்பாலோர் அக்கப்பலில் ஏறப் போகிறவர்கள் அல்லர். பனிப்பாறைகளுக்கிடையே அதிலிருந்து மும்முறை கூவ வேண்டியவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா? அவனுக்குத் தனி வாக்கு இருந்திருக்க வேண்டும். ஆளில்லாக் கருவிக்கு அப்பெயரை மாற்றியது மிகச் சரியான தீர்ப்பு. அது கூவ வேண்டியதில்லை.

சிரிப்புப் பெயர்கள் ஒரு வகை என்றால் செருக்குப் பெயர்கள் மற்றொரு வகை. டைட்டானிக் என்று பெயரிட்டவர்கள் கிரேக்கப் புராணத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டார்கள் போலும். டைட்டன்கள் பேருருவம் படைத்தவர்கள் என்பது வரை படித்தார்கள்; ஒலிம்ப மலைத் தேவர்களோடு பொருது தோற்றுப் பாதாளத்தில் தள்ளப்பட்டார்கள் என்பதைப் படிக்கவில்லை. அதன் உடன்பிறந்த கப்பலுக்கு வென்ற தேவர்களின் மலைப் பெயரால் ஒலிம்பிக் என்று பெயர். டைட்டானிக் 1912இல் முதற் பயணத்திலேயே மூழ்கிற்று. ஒலிம்பிக் 1935 வரை ஓடி ஓய்ந்தது. பெயரால் வந்த வினை என்று நாம் சொல்ல மாட்டோம். இருந்தாலும் சூட்டுமுன் கதையை முடிவு வரை படித்திருக்கலாம். 1916இல் ஜட்லண்டுப் போரில் வெடித்துச் சிதறிய ஆங்கிலப் போர்க்கப்பல்களுள் ஒன்றின் பெயர், வெல்ல முடியாதது என்று பொருள்படும் இன்வின்சிபிள். மற்றொன்று சோர்வறியாதது எனப் பொருள்படும் இன்டிஃபாட்டிகபிள்.

நம் கரைக்கு வருவோம். திருப்பதியிலிருக்கும் நமக்குப் பக்கத்துத் தமிழ்க் கடற்கரை பழவேற்காடுதான். அங்கும் சென்னைக் காசிமேட்டிலும் கரையேறி நிற்கும் படகுகளின் முகப்பைப் படித்துக் கொண்டே நடப்பது நமக்கு நெடுநாள் பழக்கம். கட்டுமரத்துக்குப் பெயர் இருப்பதில்லை. கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போட்டுவிடுவார்களாதலால், அவிழ்த்த பின் பெயர் எந்த மரத்தில் தங்கும்? விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும்தாம் பெயர் தாங்குவன. வேளாங்கண்ணி மாதா, அந்தோணியார், முருகன், மாரியம்மன், கடல் ராசா என்று பெரும்பாலும் தெய்வப் பெயர்களும், இடையிடையே பிள்ளைகளின் பெயர்களும் காணலாம். சினிமா நடிகர்களும் கட்சித் தலைவர்களும் கூட உண்டு. எழுத்துப் பிழைகளும் மலிந்திருக்கும். ஆயினும் நம் மும்முறைத் தேர்வில் இக்கடற்கரை பெரும்பாலும் தேறிவிடுகிறது. மாதாவே என்றும் முருகா என்றும் எப்படியும் கூவத்தான் போகிறான். படகின் பெயரும் அதுவேயானால் வேண்டுதலும் தகவலும் ஒரே மூச்சில் முடிந்து போகும். இதில் உள்ள அறிவுக் கூர்மையை நகரத்தார் எள்ளி நகையாடுவது பொருந்தாது.

வருந்தத்தக்க பெயர்கள் இக்கரையில் வேறு வழியில் வந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப் பேரலை வந்து படகுகளை வாரிக் கொண்டு போன பிறகு, உலகெங்குமிருந்து உதவி வந்தது. புதிய ஃபைபர் படகுகள் வரிசை வரிசையாகக் கரையில் நின்றன. அவற்றுள் பலவற்றின் முகப்பில் கொடுத்தவர் பெயரும் கொடுத்தவர் சின்னமும் பெரிய எழுத்துக்களில் தீட்டப்பட்டிருந்தன. உதவியைக் குறை சொல்ல நாம் யார்? பசித்தவனுக்குச் சோறிட்டவர் புண்ணியவான். ஆனால் சோற்றுத் தட்டில் தன் பெயரைப் பொறித்து, அதில்தான் ஆயுள் முழுவதும் உண்ண வேண்டும் என்று சொல்வதும் முறையா? மனைவியையும் மக்களையும் அலைக்குக் கொடுத்தவர்களும் அக்கரையில் இருந்தனர். இழந்த மகளின் பெயரை எழுதுவதற்கு ஒருவனுக்குப் படகின் முகப்பில் இடம் வேண்டியிருந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு சங்கத்தின் முத்திரை இருந்தது. வெயிலும் உப்பும் சில ஆண்டுகளில் எந்த வண்ணத்தையும் உரித்துவிடுகின்றன என்பது ஓர் ஆறுதல்.

அதிகாரம் சூட்டிய பெயர்கள் இன்னும் பழையவை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்களுள் கோஷன், இர்வின் என இரண்டு இருந்தன. முன்னவர் சென்னை மாகாண கவர்னர், பின்னவர் வைஸ்ராய். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலித் தொழிலாளி அலை புரட்டும்போது இர்வின் பிரபுவைக் கூவி என்ன பயன்? பிற்காலத்தில், 1984 வரை, இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலின் பெயர் இராமானுஜம். கணிதம் பயின்றவனுக்குக் கும்பகோணத்து மேதை நினைவுக்கு வருவார். திருப்பதியில் வாழும் நமக்கோ இம்மலையின் வழிபாட்டை ஒழுங்கு செய்த உடையவர் நினைவுக்கு வருவார். இருவருள் எவரை எண்ணிக் கூவினாலும் குற்றமில்லை. 2024இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய கப்பலுக்குச் சிவகங்கை என்று பெயர். மழைக்கு வானம் பார்க்கும் சீமையின் பெயரை நீரில் மிதக்க விட்டதில் ஒரு குறும்பு தென்படினும், சிவனும் கங்கையும் சேர்ந்த பெயர் கடலுக்கு இழுக்கன்று.

இந்தியக் கப்பல் வரலாற்றில் மிக முரணான பெயர் எது என்று எவரேனும் கேட்டால் நாம் தயங்காமல் லாயல்டி என்போம். வால்சந்த் ஹீராசந்த் முதலியோர் தொடங்கிய சிந்தியா கம்பெனியின் அக்கப்பல் 1919 ஏப்ரல் 5ஆம் நாள் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளையே இன்றும் தேசிய கடல்வழிப் போக்குவரத்து நாளாகக் கொண்டாடுகிறோம். ஆங்கிலக் கப்பல் முதலாளிகளின் ஏகபோகத்தை எதிர்த்துப் புறப்பட்ட கலத்தின் நெற்றியில் எழுதியிருந்த சொல்லுக்கு இராஜ விசுவாசம் என்று பொருள்! இந்தியாவின் பேரரசி என்னும் பெயரோடு பயணிகளை ஏற்றிய அந்தப் பழங்கப்பலை முதல் உலகப் போரில் குவாலியர் மகாராஜா வாங்கி மருத்துவக் கப்பலாக்கி, அப்புதுப் பெயரைச் சூட்டியிருந்தார். கம்பெனி அதை அப்படியே வைத்துக் கொண்டது. பேரரசியும் விசுவாசமும் போய், 1948இல் அதே கம்பெனிக்காக விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டு நேருவின் கையால் நீரில் இறங்கிய கப்பலுக்கு ஜல உஷா என்று பெயர் வந்தது. நீரின் வைகறை. இங்கே முதன்முறையாக ஒரு கம்பெனி கவிஞனைப் போலப் பேசியது.

வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் கப்பல்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, அடுத்த ஆண்டு அவர் தூத்துக்குடிக்குக் கொணர்ந்த இரு கப்பல்களின் பெயர்கள் காலியா, லாவோ. காலியா என்பது பிரெஞ்சு நாட்டின் பண்டைப் பெயர். ஜாவாத் தீவில் லாவு என்று ஒரு மலை உண்டு. டச்சுக்காரர் அதனை எழுதிய எழுத்துக்களே இரண்டாவது கப்பலின் பெயரிலும் இருக்கின்றன. வாங்கிய கப்பல்கள் தம் பழைய பெயர்களோடேயே வந்தன. பெயர் மாற்றப் பிள்ளையவர்களுக்குத் தோன்றாதிருந்திருக்குமா என்பதைவிட, அதற்கு அவருக்கு நேரம் ஏது என்று கேட்பதே நேரியது. 1908 மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். தமிழ் மக்களோ அந்த அயற் பெயர்களைப் பொருட்படுத்தவேயில்லை. சுதேசிக் கப்பல் என்றே அழைத்தார்கள். கப்பலின் பெயர் மறைந்து, கப்பலே அதை ஓட்டியவருக்குப் பெயராயிற்று. காரிக்கும் ஓரிக்கும் பிறகு இப்படி நிகழ்ந்தது இவர் ஒருவருக்கே.

இனி, இக்கட்டுரையில் நம் நெஞ்சுக்கு மிக அண்மையிலுள்ள பெயருக்கு வருகிறோம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்டது அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல். நீளம் 89 அடி. பொறி இல்லை; காற்றும் கையும்தான். மரக்கலம் சமைப்பதிலும் ஓட்டுவதிலும் வல்வெட்டித்துறையாருக்கு இருந்த பெயர் கிழக்குக் கடலெங்கும் பரவியிருந்தது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி இக்கப்பலைக் கண்டு மனம் பறிகொடுத்து விலைக்கு வாங்கினார். வாங்கியதும் தம் மனைவியின் பெயரை இட்டு ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் சூயஸ் கால்வாய் வழியாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடத்தி, 1938 ஆகஸ்டு முதல் நாள் மாசசூசெட்சு மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கடலில் பிறந்து கடலில் வளர்ந்த அவ்வூரார் கரையில் திரண்டு வியந்தார்கள்.

ராபின்சனை நாம் எளிதில் குறை கூற மாட்டோம். அவர் வெறும் பணக்காரர் அல்லர். 1928 முதல் 1931 வரை 32 அடிச் சிறு கலமொன்றில் உலகைச் சுற்றி வந்தவர். அக்கலத்துக்கு அவர் இட்ட பெயர் ஸ்வாப்; கனவைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது என்பார்கள். பின்னாளில் அவர் கட்டிய கப்பலுக்கு வருவா என்று பெயர். தாகித்தித் தீவு மொழியில் ஆன்மா. அயல் மொழிகளில் நல்ல சொல்லைத் தேடிப் பிடிக்கும் காது அவருக்கு இருந்தது. அத்தகைய காதுக்கு அன்னபூரணி என்ற சொல் எட்டாமற் போனதே என்பதுதான் நம் வருத்தம். எவ்வளவு பொருத்தமான பெயர்! நெல்லும் பிறவும் ஏற்றி வரும் வணிகக் கலத்துக்குச் சோறிடும் தாயின் பெயர். அதிலுள்ள நெடில் காற்றில் இழுத்துக் கூவ இசைவது. நம் தேர்வில் இதனினும் அதிக மதிப்பெண் பெற்ற பெயர் கிடையாது. மனைவியின் மீதுள்ள அன்பால் பெயரிட்டது தவறா என்று அன்பர் எவரேனும் கேட்கலாம். தவறில்லை. ஆனால் அத்திருமணம் சில ஆண்டுகளில் முறிந்தது. அவ்வம்மையார் வேறொருவரை மணந்தார். அன்னபூரணிக்கு அப்படியொரு நிலை வந்திருக்காது. இன்றும் வல்வெட்டித்துறையார் அதனை அன்னபூரணி என்றே சொல்கிறார்கள். அட்லாண்டிக்கில் புயல் எழுந்த இரவுகளில் அம்மாலுமிகளின் வாயிலிருந்து வந்த பெயர் எதுவாயிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இப்போது தெப்பத்தின் பெயர் கேட்ட அச்சிறுவனுக்குத் திரும்ப வேண்டும். அவன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து தாத்தாவோடு வந்தவன். பேரனின் கேள்விக்கு நாம் விழித்ததைக் கண்ட அப்பெரியவர் சிரித்தவாறு, எங்கள் வீட்டில் கப்பலின் பெயரைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை ஐயா, அதனால்தான் இவன் எந்தப் படகைக் கண்டாலும் பெயர் கேட்கிறான் என்றார்.

அவர் சொன்னதன் பொருளை நம்மவருள் பலர் அறிவர். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக் கொண்டு டர்பன் சேர்ந்த முதல் கப்பலின் பெயர் ட்ரூரோ. இங்கிலாந்தின் கோர்ன்வாலில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. அதன் பின் 1911 வரை சென்ற கப்பல்களுள் பல உம்லாசி, உம்சிண்டோ, பொங்கோலா முதலிய நேட்டால் ஆறுகளின் பெயர்களைத் தாங்கின. போகும் நாட்டு ஆற்றின் பெயரைக் கப்பலில் எழுதி, அவ்வாற்றைக் கண்டிராதவனை ஏற்றிச் சென்றார்கள். அன்று வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம் நம் சித்தூர். தனி மாவட்டமானது 1911இல்தான். அக்கப்பல்களில் ஏறியோருள் வட ஆர்க்காட்டார் மிகப் பலர்.

பெரியவரின் மூதாதை ஏறியது உம்லாசி. அவருடைய பாட்டி அதனை ஒருபோதும் அவ்வாறு சொன்னதில்லையாம். உமா லட்சுமிக் கப்பல் என்பாளாம். கேட்டதும் நாம் மெய்சிலிர்த்தோம். நம் அளவுகோலைப் பற்றி ஏதும் அறியாத அந்த மூதாட்டி, கூவ முடியாத பெயரைக் கூவத்தக்க பெயராகத் தன் வாயாலேயே திருத்திக் கொண்டுவிட்டாள். மலேயாவுக்குப் போன நம்மவரைச் சுமந்த ரஜுலாவையும் ஏதோ பெண்ணின் பெயராகவே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். அது குஜராத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1926 முதல் ஓடிய அக்கப்பலை 1973இல் நம் அரசுக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே உடைத்தார்கள். ரங்கத் என்றால் இன்று எவருக்கும் தெரியாது. ரஜுலா என்றால் பினாங்கிலும் நாகப்பட்டினத்திலும் இன்றும் முதியோர் நிமிர்ந்து பார்ப்பர்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து விரித்தார். கப்பல் பதிவேட்டின் நகல். எண், பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், தாலுகா, ஊர் என்று கட்டங்கள். கப்பலின் பெயர் மேலே அச்சுப் போல் தெளிவாக இருந்தது. மாவட்டம் வட ஆர்க்காடு, தாலுகா சித்தூர் என்பதும் புரிந்தது. ஊர் இருந்த கட்டத்தில்தான் தடுமாற்றம். தமிழோ தெலுங்கோ அறியாத கை ஒன்று, காதில் விழுந்ததை அவசரமாக ஆங்கில எழுத்தில் இறக்கி வைத்திருக்கிறது. நாம் இருபதாண்டுகளாக மத்திய அரசு அலுவலகத்தில் பிறர் கையெழுத்தைப் படித்தே சோறு உண்பவர். மூன்று விதமாகப் படித்துப் பார்த்தோம். மூன்று ஊர்கள் வந்தன. ஒன்று பாகாலைப் பக்கம், மற்றொன்று குடிபாலைப் பக்கம், மூன்றாவதன் பெயரில் ஊர் உண்டா என்பதே ஐயம். எழுதிய எழுத்தரும் நம் இனத்தவரே என்று எண்ணியபோது பெரியவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

அதற்குள் தெப்பம் ஐந்தாவது சுற்றுக்கு வந்துவிட்டது. கோவிந்தா, கோவிந்தா என்ற ஒலி நான்கு பக்கப் படிகளிலிருந்தும் எழுந்தது. சிறுவனும் எழுந்து நின்று கூவினான். நாம் மூன்று ஊர்களின் பெயர்களையும், அவற்றுக்குச் சித்தூரிலிருந்து பேருந்து புறப்படும் நேரங்களையும் அத்தாளின் பின்புறத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்தோம். மறுநாள் அதிகாலை வண்டியில் முதலாவது ஊருக்குப் போவதாகப் பெரியவர் சொன்னார்.